புகையும் பொறியும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கடலை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்வோர், இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளைக் கடந்து எண்ணூரை அடைவர். தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிய முதற் புகைவண்டி, 1856ஆம் ஆண்டில் இராயபுரம் நிலையத்திலிருந்தே புறப்பட்டது. 1948ஆம் ஆண்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955ஆம் ஆண்டில் அது அசோக் லேலண்டு எனப் பெயர்பெற்று, லாரிகளும் பேருந்துகளும் செய்யும் ஆலையாக வளர்ந்தது. அதே ஆண்டில் அமைந்த என்பீல்டு இந்தியா நிறுவனம், தேவாரம் பாடப்பெற்ற பழம்பதியாகிய திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளை உருவாக்கலாயிற்று. இங்ஙனம் பொறிகளோடு பழகிய மக்கள் வாழும் இப்பகுதியில் தெருவுக்கு ஒரு பட்டறை இருத்தல் வியப்பன்று. அப்பட்டறைகளை நாடி வரும் நோயாளிகளுள் ஒரு வகை, புகைத் தேர்வில் தவறிய வண்டியாகும். அந்நோயின் இயல்பு யாது, அதன் முதலை எவ்வாறு நாடிக் காண்பது என்பன ஈண்டு விளக்கப்பெறும்.

மலைமேல் புகை தோன்றின் அங்கு நெருப்பு உண்டென்று கொள்ளுதல், அளவை நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. இதனைக் கருதலளவை என்பர். வண்டியின் பின்னே புகை தோன்றினாலும் உள்ளே நெருப்பு உண்டென்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நெருப்பு நிறைவுற எரிந்ததா, குறைபட எரிந்ததா என்பதே ஈண்டு எழும் வினா. அன்றியும், புகை சிறிதும் தோன்றாதிருக்க நஞ்சு மட்டும் வெளிப்படுதலும் உண்டு. அவ்விடத்துக் கண் உதவாது, மூக்கும் உதவாது.

பெட்ரோல் தனித்து எரிவதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடியே எரிகிறது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்ற எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கொள்ளளவாற் கூறின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சற்றொப்ப 9,000 லிட்டர் காற்று வேண்டியிருக்கும். ஒரு சிறு புட்டியில் அடங்கும் பெட்ரோலை எரிக்க ஓர் அறையளவு காற்றை உண்ண வேண்டிய பொறி, அக்காற்றில் சிறிது குறைந்தாலும் திணறுவது இயற்கையே. விறகடுப்பில் அளவுக்கு மீறி விறகைத் திணித்தால் என்ன நிகழ்கிறது? நெருப்புச் சுடர்விட்டு எரியாமல் புகைகிறது. பானையின் அடி கரி பூசிக் கொள்கிறது. சமைப்பவர் கண்ணீர் வடிக்கிறார். ஊதுகுழலால் ஊதினாலோ, இரண்டு கட்டைகளை வெளியே இழுத்தாலோ அடுப்பு தெளிகிறது. காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் புகுந்த பொறியும் அவ்வடுப்பைப் போன்றதே.

இந்நிலையைப் பட்டறைக்காரர் ‘ரிச்’ என்பர்; இதன் மறுதலையாகிய, காற்று மிகுந்த நிலையை ‘லீன்’ என்பர். செல்வத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஈண்டு ஒரு குறையைச் சுட்ட வழங்குதல் விந்தையே. தமிழில் இவற்றைச் செறிகலவை, மெலிகலவை என்று வழங்கலாம்.

கலவை அளவாக இருப்பின் பெட்ரோலிலுள்ள கரி கரியமிலவாயுவாகவும், ஐதரசன் நீராவியாகவும் மாறி வெளியேறும். கலவை செறிந்திருப்பின் கரியின் ஒரு பகுதிக்கு உயிர்வளி போதாது. அது பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவாக வெளிவரும். சிறிதும் எரியாத பெட்ரோல் ஆவி ஐதரோகார்பன் என்ற பெயரில் உடன் வரும். செறிவு மிக அதிகமாயின், கரித்துகள்கள் கரும்புகையாய்க் கண்ணுக்கும் தோன்றும். இவற்றுள் கொடியது கார்பன் மோனாக்சைடே. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை அது உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பற்றோடு பற்றிக் கொள்கிறது. முதலில் தலைவலி, பின்பு மயக்கம், மூடிய இடமாயின் மரணம். கதவடைத்த கொட்டகையில் பொறியை ஓடவிட்டுப் பழுது பார்க்கும் தொழிலாளியே இந்நஞ்சுக்கு முதலில் இலக்காகிறான். புகைத் தேர்வு என்பது வண்டிக்கு வைத்த தேர்வு போலத் தோன்றினும், அது காப்பது இவனையும் இவன்போல் தெருவில் மூச்சு விடும் பிறரையுமே.

அத்தேர்வுக்கு அடிப்படை, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 115ஆம் விதியாகும். பெட்ரோல் நிலையங்களை அடுத்துள்ள சோதனைக் கூடங்களில், சைலன்சரின் வாயில் ஒரு குழாயைச் செருகி, வெளிவரும் வாயுவை ஒரு கருவியினுள் செலுத்துவர். கார்பன் மோனாக்சைடு அகச்சிவப்பு ஒளியின் ஒரு கூற்றை விழுங்கும் இயல்புடையது. எவ்வளவு ஒளி குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு வாயு உளது என்று கருவி கணக்கிட்டுவிடும். 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு, வண்டி நின்று பொறி மெல்ல ஓடும் நிலையில் 3 விழுக்காடு வரை கார்பன் மோனாக்சைடு ஒப்புக்கொள்ளப்பட்டது. பாரத் நிலை 4 என்னும் வரையறைக்கு உட்பட்ட கார்களுக்கோ 0.3 விழுக்காடே எல்லை. ஐதரோகார்பன், பத்து இலட்சத்தில் 200 பங்கைத் தாண்டலாகாது. பத்தில் ஒரு பங்காக எல்லை சுருங்கியமைக்குப் புதிய பொறிகளின் நுட்பமே காரணம். சான்றின்றி வண்டி ஓட்டுவோர்க்கு 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். துறைமுக வாயிலில் வரிசையாய் நிற்கும் கன்டெய்னர் லாரிகள் டீசலால் இயங்குவன. அவற்றின் புகை எத்துணை ஒளியை மறைக்கிறது என்று அளப்பது வேறொரு முறையாதலின், அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

பழைய பொறிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பணியைக் கார்புரேட்டர் செய்து வந்தது. அம்பாசிடர் கார், பத்மினி கார், பழைய புல்லட் ஆகியவற்றில் கலவை செறிந்தால் காரணம் பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்திலேயே கிடைக்கும். காலையில் இழுத்துவிட்ட சோக் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். கிண்ணத்தினுள் மிதக்கும் மிதவை ஓட்டையாகி மூழ்கிப் பெட்ரோலின் மட்டம் உயர்ந்திருக்கலாம். பல்லாண்டு ஓடிய ஜெட்டின் துளை தேய்ந்து அகன்றிருக்கலாம். காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். இந்நான்காவது காரணம் வடசென்னைக்கு மிகவும் உரியது. 2011ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் ஆணையால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுதல் நிற்கும்வரை, இராயபுரத்து மொட்டைமாடிகளில் உலர்த்திய துணிகளிலும் கரித்தூள் படிவதுண்டு. துணியில் படிந்த தூள் வடிகட்டியைத் தவிர்த்துச் செல்லுமா?

புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. இஞ்செக்டர் என்னும் நுண்குழாய், ஒரு சிறு கணிப்பொறியின் கட்டளைப்படி பெட்ரோலைத் தெளிக்கிறது. அக்கணிப்பொறியை மெக்கானிக்குகள் ‘இசியு’ என்பர். வண்டியின் மூளை என்பது பொருந்தும். அம்மூளைக்குக் கண்ணில்லை. சென்சார்கள் எனப்படும் ஒற்றர்கள் கொணரும் செய்திகளையே அது நம்பியிருக்கிறது. உட்புகும் காற்று எவ்வளவு என்று ஒருவன் உரைப்பான். பொறியைச் சுற்றி ஓடும் நீரின் வெப்பம் எவ்வளவு என்று மற்றொருவன் உரைப்பான். வெளியேறும் வாயுவில் உயிர்வளி எஞ்சியுள்ளதா என்று ஆக்சிஜன் சென்சார் உரைக்கும். கலவை செறிந்திருப்பின் இஃது ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், மெலிந்திருப்பின் 0.1 வோல்ட்டும் காட்டும். மூளை அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் நடுநிலையில் நிறுத்தும். எஞ்சிய நஞ்சை வினையூக்கி மாற்றி என்னும் கலம் தூய்மை செய்யும். 1995ஆம் ஆண்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களிலும் புதிய கார்களுக்கு இக்கலம் கட்டாயமாயிற்று. ஈயம் இதனைக் கெடுத்துவிடும் ஆதலின், ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் பரவியது. ஆயினும் கலவை செறிந்துவிடின் இக்கலமும் செயலற்றுப் போகும். கார்பன் மோனாக்சைடை எரிக்க வேண்டிய உயிர்வளி அங்கும் இராதன்றோ?

இனி ஓர் எடுத்துக்காட்டு. காசிமேட்டில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், 2012ஆம் ஆண்டில் வாங்கிய பெட்ரோல் காரைப் புகைத் தேர்வுக்குக் கொண்டு செல்கிறார் எனக் கொள்வோம். கார்பன் மோனாக்சைடு 3.2 விழுக்காடு, ஐதரோகார்பன் 410 பங்கு என்று கருவி காட்டுகிறது. சான்று மறுக்கப்படுகிறது. சான்றில்லாமல் வண்டியை எடுத்தால் தண்டம்; எடுக்காவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. கரும்புகையோ கண்ணுக்குத் தெரியவில்லை. சில மாதங்களாகப் பெட்ரோல் அதிகமாகச் செலவாகிறது என்பதும், வண்டிக்குப் பின்னே நின்றால் பெட்ரோல் வாடை வருகிறது என்பதும் மட்டுமே அவருக்குத் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோலே இதற்குக் காரணம் என்று சிலர் சொல்கின்றனர். அது பொருந்தாது. எத்தனால் தன்னுள்ளேயே உயிர்வளியைக் கொண்டிருப்பதால், கலவையை மெலியச் செய்யுமே அன்றிச் செறியச் செய்யாது.

முதலில் சென்ற பட்டறையில் நான்கு பிளக்குகளையும் மாற்றுகின்றனர். பயனில்லை. பின்பு ஆக்சிஜன் சென்சார் எப்போதும் 0.9 வோல்ட்டிலேயே நிற்கக் கண்டு, அது கெட்டுவிட்டதென அதனையும் மாற்றுகின்றனர். புதிய சென்சாரும் அதே 0.9 வோல்ட்டைக் காட்டுகிறது. கலவை மெய்யாகவே செறிந்திருந்தது. சென்சார் உள்ளதை உள்ளவாறு உரைத்தது. செய்தி பிடிக்கவில்லை என்பதற்காகத் தூதனைத் தண்டித்தது போலாயிற்று. ஓட்டுநரின் ஒரு வாரக் கூலி அதில் கரைந்தது. ஒன்று கெட்டிருக்குமோ என்று ஐயுறுந்தோறும் அதனை மாற்றிப் பார்ப்பது பழுது நீக்கும் முறையன்று. அது பிறர் பொருளைக் கொண்டு ஆடும் சூதாட்டமே.

திருவொற்றியூரில் உள்ள மற்றொரு மெக்கானிக், எதையும் கழற்றுமுன் சோதனைச் சீட்டைப் படிக்கிறார். நான்கு வாயுக்களையும் அளக்கும் கருவியைக் கொண்டு தாமும் ஒருமுறை அளக்கிறார். கார்பன் மோனாக்சைடு மிகுதி, உயிர்வளி 0.3 விழுக்காடு மட்டுமே. இவ்விரண்டும் கூடினால் செறிகலவை என்பது உறுதி. ஐதரோகார்பன் மட்டும் மிகுந்து, உயிர்வளியும் மிகுந்து, கார்பன் மோனாக்சைடு குறைந்திருந்தால், நோய் வேறாகும். ஏதோ ஓர் உருளையில் தீப்பொறி தவறியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். முன்னவர் பிளக்கை மாற்றியது இவ்வேறுபாட்டை ஆராயாமையாலேயே. இவரும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்; ஆனால் மாற்றுவதற்காக அன்று. வைத்தியர் நோயாளியின் நாவைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். நான்கின் முனையும் ஒரே தன்மையாய், மை போன்ற உலர்ந்த கரி படிந்து காணப்படுகின்றன. ஒன்று மட்டும் கறுத்திருப்பின், அவ்வுருளைக்குரிய இஞ்செக்டர் ஒழுகுகிறதோ என ஐயுறலாம். நான்கும் கறுத்தமையால், நான்குக்கும் பொதுவான ஒன்றே காரணமாதல் வேண்டும். எரிபொருளின் அழுத்தம் மிகுந்திருக்கலாம். பெட்ரோல் தொட்டியின் ஆவியை உள்ளே விடும் வால்வு மூடாமல் நின்றிருக்கலாம். அல்லது மூளைக்குச் சென்ற செய்தி பொய்யாக இருக்கலாம். முன்னிரண்டையும் அளந்து பார்க்கிறார்; குறையில்லை.

எனவே ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்து, மூளை கேட்கும் செய்திகளைத் தாமும் கேட்கிறார். பொறியின் நீர் வெப்பம் 22 பாகை என்று ஸ்கேனர் காட்டுகிறது. அரைமணி நேரம் ஓடி வந்த பொறி. அதன் மேல் கை வைக்க இயலாது. அவர் சிரித்துக்கொண்டே, “அண்ணே, வண்டி கொதிக்கிறது, அதன் மூளைக்கோ குளிர்கிறது” என்கிறார்.

நோயின் முதல் இப்போது புலனாகிவிட்டது. குளிர்ந்த பொறியில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. சுவர்களில் துளியாய் ஒட்டிக் கொள்ளும். ஆதலால் பொறி சூடேறும் வரை மூளை வேண்டுமென்றே மிகுதியாகப் பெட்ரோலைத் தெளிக்கும். அப்பொழுது ஆக்சிஜன் சென்சாரின் சொல்லையும் அது பொருட்படுத்தாது. 22 பாகை என்ற பொய்ச் செய்தியால், ஓடும் நேரமெல்லாம் விடியற்காலமே என்று அம்மூளை எண்ணியிருந்தது. எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை எனலாம். கம்பி அறுந்திருந்தால் விளக்கு எரியும். 22 பாகை என்பது உலகில் இயலாத வெப்பம் அன்றாதலின், மூளைக்கு ஐயம் எழவில்லை. சில வண்டிகளில் ரேடியேட்டர் விசிறியும் இதே செய்தியை நம்பிச் சுழலும். அவற்றில் இப்பிழை பொறியையே கொதிக்க வைத்துக் கெடுக்கும்.

வெப்ப சென்சாரை மாற்றிவிட்டால் முடிந்தது என்று இவ்விடத்தில் பலரும் துணிவர். அவர் அவ்வாறு செய்யவில்லை. இச்சென்சார், வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆனது. பெருவழக்கான ஒரு வகையில் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் 320 ஓம் தடை இருக்கும். இணைப்பைக் கழற்றிச் சென்சாரின் முனைகளில் நேரே அளந்தபோது 320 ஓம் காட்டியது. சென்சார் நலமாகவே உளது. இணைப்பை மாட்டி, கம்பியின் மறுமுனையில், அஃதாவது மூளை இருக்கும் பக்கத்தில், அளந்தபோது 2,300 ஓம் காட்டியது. இடையில் ஏறிய 2,000 ஓம் எங்கிருந்து வந்தது? ஒற்றன் பொய் உரைக்கவில்லை. வழியிலே செய்தி திரிந்துவிட்டது.

கம்பியின் இணைப்பியைத் திறந்து பார்த்தால், உள்ளிருக்கும் முனைகளில் பச்சை நிறத்தில் களிம்பு படிந்திருக்கிறது. செம்பிற் களிம்பு சைவ நூலார்க்குப் பழகிய உவமை; ஈண்டோ அஃது உவமையன்று, உண்மைப் பொருளே. கடலுக்கு அருகே இரவும் பகலும் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று நுழையாத இடமில்லை. இணைப்பியின் இரப்பர் உறை ஒருமுறை கிழிந்துவிட்டால், ஈரமும் உப்பும் புகுந்து, சில பருவங்களில் முனைகளை அரித்துவிடும். அக்களிம்பு மின்சாரத்திற்குத் தடையாகிறது. தடை கூடினால், மூளை அதனைக் குளிர் என்று பொருள் கொள்கிறது. வெப்ப சென்சாரின் வழியில் நேரும் இத்தகைய அரிப்பு, கலவையைச் செறியச் செய்யுமே அன்றி மெலியச் செய்யாது என்பதைக் கருத வேண்டும்.

மறுநாட் காலை, வண்டியைக் கிளப்புமுன் ஸ்கேனரைப் பார்த்திருந்தாலும் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்கும். இரவு முழுதும் நின்ற வண்டியில், உட்புகும் காற்றின் வெப்பமும் பொறிநீரின் வெப்பமும் ஒத்திருத்தல் வேண்டும். 30 பாகை வெப்பமுள்ள காலையில் இந்த 2,000 ஓம் கூடினால், பொறிநீர் 10 பாகை என்று காட்டும். சென்னையில் எந்த மார்கழியிலும் அத்தகைய குளிர் கண்டவர் இல்லை. விலையுயர்ந்த கருவிகள் பல இருப்பினும், இவ்வெளிய ஒப்பீடே பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

இவ்வளவு தேடாமலே சான்று பெறும் வழிகளும் உண்டெனச் சிலர் கூறுவர். கார்புரேட்டர் வண்டியாயின், தேர்வுக்கு முன் திருகாணியைத் திருகிக் கலவையை மெலியச் செய்து, சான்று பெற்றபின் மீண்டும் பழையபடி வைத்துவிடுவர். வண்டியைக் கொண்டுவராமலே சான்று தேடுவாரும் உளர். சீட்டில் எண் மாறிவிடும், சைலன்சரில் மாறாது. அதன் பின்னே சைக்கிளில் வருபவன் சீட்டையன்று, காற்றையே மூச்சாக இழுக்கிறான். அன்றியும், எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியினுள் சென்று எரிந்தால், அதன் உட்கூடு உருகி அடைபடும். அதன் விலையோ, ஓர் இணைப்பியின் விலையைப்போல் பல நூறு மடங்கு.

அரித்த முனைகளை வெட்டி நீக்கிப் புதிய முனைகளைப் பொருத்தி, புதிய இரப்பர் உறையோடு இணைப்பியை மூடியதும், ஸ்கேனரில் வெப்பம் 84 பாகையாக எழுகிறது. சிறிது நேரத்தில் ஆக்சிஜன் சென்சாரின் அளவு 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊசலாடத் தொடங்குகிறது. மூளை மீண்டும் அதன் சொல்லைக் கேட்கலாயிற்று என்பதற்கு அவ்வூசலாட்டமே அடையாளம். ஆயினும் வேலை இன்னும் முடியவில்லை. பல மாதங்களாக மிஞ்சிய பெட்ரோல் உருளைச் சுவர்களின் வழியே கசிந்து, அடியிலுள்ள எண்ணெயில் கலந்திருக்கும். எண்ணெய் அளவுகோலை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வரும். நீர்த்துப்போன அவ்வெண்ணெய் பொறியைத் தேய்க்கும் ஆதலின், அதனை வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். பிளக்குகளின் கரியையும் துடைக்க வேண்டும்.

பிறகு வண்டியை எண்ணூர் வரை ஓட்டிச் சென்று திரும்பி, பொறியும் வினையூக்கி மாற்றியும் நன்கு சூடேறிய நிலையிலேயே தேர்வுக்கு நிறுத்துதல் வேண்டும். குளிர்ந்த வண்டியை நிறுத்தி, நல்ல வண்டியையே தவறச் செய்வாரும் உளர். அவ்வாறு நிறுத்தியபோது கார்பன் மோனாக்சைடு 0.05 விழுக்காடு, ஐதரோகார்பன் 40 பங்கு. சான்று ஓராண்டுக்கு வழங்கப்பெறுகிறது. புதிய இணைப்பியின் முனைகளில் உப்பு ஏறாதபடி மின்முனைகளுக்குரிய கிரீசைச் சிறிது தடவி, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒருமுறை திறந்து பார்க்கும்படி மெக்கானிக் ஓட்டுநரிடம் கூறி அனுப்புகிறார்.